கியோட்டோவில் ஒரு பாதிச் சட்டை

போன மாதம் ஜப்பானில், கியோட்டோ நகரத்துக் கோயில் ஒன்றின் வாசலில், பல் கிட்டும் காலைக் குளிரில், என் அப்பா சட்டையைக் கழற்றினார்.

சட்டையை மட்டும் என்றால் பரவாயில்லை. குரங்குக் குல்லா, ஜெர்கின், ஸ்வெட்டர், சட்டை, பனியன்... ஒவ்வொன்றாகக் கழற்றி, மடித்து, என் கையில் கொடுத்துக்கொண்டே வந்தார். நான் நடமாடும் துணிக்கடை ஆகியிருந்தேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காரணம் ஒரு போர்டு.

என் அப்பா திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் போர்டு வாசிப்பது என் இலாகா. பஸ்ஸோ, ஆஸ்பத்திரியோ, ரேஷன் கடையோ - எழுத்தைக் கண்டால் அப்பா நின்றுவிடுவார். “என்ன மக்கா போட்டிருக்கு?” தமிழ், மலையாளம், இங்கிலீஷ் எதுவானாலும் நான் சொல்லிவிடுவேன். ‘தெரியாது’ என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, சம்பாதித்த தலைக்கனம்தானே?

ஆபீஸ் என்னை ட்ரெயினிங்குக்காக ஒசாகாவுக்கு அனுப்பியது. திரும்புவதற்கு முந்தின வாரம் அப்பாவை வரவழைத்து, பழைய கோயில்களைக் காட்டும் ஒரு காலை டூரில் சேர்த்துவிட்டேன். கைடு மிசாகி என்ற பெண். கையில் மஞ்சள் கொடி, வாயில் ஓயாத ‘ஸாரி’.

முதல் கோயில் வாசலிலேயே ஆளுயர போர்டு. முழுக்க ஜப்பானிய எழுத்து.

“என்ன மக்கா போட்டிருக்கு?”

“...தெரியலப்பா.”

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். இலாகாவைத் தானே எடுத்துக்கொண்டார்.

“கோயில் வாசல்ல இம்புட்டுப் பெரிய போர்டு வச்சா வேற என்னத்தப் போடுவான்? எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். கேட்டியா, செருப்பக் கழட்டச் சொல்லுதா அந்தப் புள்ள. அடுத்தது சட்டைதான்.”

எங்கள் ஊர்ப்பக்கம் வராதவர்களுக்கு ஒரு விளக்கம். திருவனந்தபுரத்தின் பெரிய கோயில்களில் ஆண்கள் மேல்சட்டையோடு உள்ளே போக முடியாது. பனியனும் கூடாது. வாசலிலேயே போர்டு இருக்கும். சின்ன வயதில் அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியதே நான்தான்!

மிசாகி ஓடி வந்தார். அந்த ஊரில் யாரும் ‘முடியாது’ என்று முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்து, ‘கொஞ்சம் கஷ்டம்...’ என்பார்கள். மிசாகி நீளமாக இழுத்தார்.

“என்ன சொல்லுதா?”

“கொஞ்சம் கஷ்டமாம்ப்பா.”

“ஒரு கஷ்டமும் இல்லன்னு சொல்லு. மூட்டை தூக்குத ஒடம்புக்கு இது என்ன குளிரு?”

இதற்குள் எங்கள் குழுவில் இருந்த இரண்டு ஆஸ்திரேலியர்கள் தங்கள் பட்டன்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். “வேண்டாம்” என்று தடுத்தேன். ஒருவர் என்னிடம் பணிவாகச் சொன்னார்: “புத்தர் உங்கள் நாட்டுக்காரர். அவரை எப்படிக் கும்பிடுவதென்று உங்கள் அப்பாவுக்குத் தெரியாதா?”

மிசாகி அடுத்த ‘ஸாரி’யைத் தொடங்கினார். 

நான் அப்பாவை ஓரமாக இழுத்துப்போனேன். “இங்க சட்டை போட்டுட்டுத்தான் போகணும்ப்பா.”

“சட்டை போட்டுக்கிட்டு சாமி முன்னால நிக்க எனக்கு வராது மக்கா. நீ போய்ட்டு வா. நான் இங்கனயே நிக்கேன்.”

இங்கனயே நிக்கேன். இது எனக்கு ரொம்பப் பழகிய வாக்கியம். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று கேட்டுக்கு வெளியே நின்றார். பட்டமளிப்பன்று ஹாலுக்கு வெளியே. வேலைக்குச் சேர்ந்த அன்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே. ‘உள்ள வாங்கப்பா’ என்றால், ‘இருக்கட்டும் மக்கா.’ இத்தனை கடல் தாண்டி அழைத்து வந்தது, இன்னொரு வாசலில் நிற்க வைக்கவா?

“நீங்க வரலேன்னா நானும் போகல” என்றேன். அப்பா திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். இருட்டுக்குள் பெரிய புத்தர் உட்கார்ந்திருந்தார்.

“மக்கா, அவரு பாதிதானே போட்டிருக்காரு?”

பார்த்தேன். உண்மைதான். இடது தோளில் துணி. வலது தோள் வெறுமை.

“அந்தச் சட்டையக் கொடு.”

இடது கையை மட்டும் சட்டைக்குள் நுழைத்தார். வலது பக்கத்தை அக்குளுக்கு அடியில் சுற்றி இடுப்பில் செருகினார். நிமிர்ந்து நின்றார். ஆஸ்திரேலியர்களும் நொடியில் அப்படியே செய்துகொண்டார்கள்.

வாசலில் நின்ற புத்தத் துறவி ஒருவர் அப்பாவைப் பார்த்தார். திரும்பி, புத்தரைப் பார்த்தார். மறுபடி அப்பாவை.  துறவி பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். ரொம்ப நீளமாக... ‘முடியாது’தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு குனிந்து வணங்கி, வழிவிட்டார்.

அப்பா எனக்கு முன்னால் உள்ளே போனார். பாயில் மண்டியிட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் கும்பிட்டார். மிசாகி சொன்ன வரலாறு முழுவதற்கும் ஒரு வார்த்தை புரியாமல் தலையாட்டினார். எழுந்ததும் ஒரே ஒரு கேள்வி: “சந்தனம் குடுக்க மாட்டாங்களா?”

வெளியே வந்ததும் மிசாகியிடம் கேட்டேன், அந்த போர்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று. ட்ரோன் பறக்கவிடக் கூடாதாம். அப்பாவிடம் சொன்னேன்.

“ட்ரோன்னா?”

“ஆளில்லாமப் பறக்குற கேமரா.”

“அது நம்மகிட்ட இல்லயே. அப்ப நாம ஒண்ணும் தப்பு பண்ணல.”



நேற்று மிசாகியிடமிருந்து மெசேஜ். ஆஸ்திரேலியர்கள் ஆன்லைனில் எழுதிய விமர்சனத்தில், ‘பாதிச் சட்டை வழிபாடுதான் டூரின் சிறப்பு’ என்று புகழ்ந்துவிட்டார்களாம். அதைப் படித்துவிட்டு வந்த ஒருவர், தனக்கு அந்த வழிபாட்டை நடத்திக்காட்டவில்லை என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டாராம். ‘ஸாரி... உங்கள் அப்பா மறுபடி எப்போது வருவார்?’

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். தலைத்துண்டை உதறிக்கொண்டே யோசித்தார்.

“ஞாயித்துக்கிழம கடை லீவு. அன்னிக்குன்னா வரலாம்னு சொல்லு.”