இரண்டேகால் மணிக் கட்டம்

குட்டையம்மாவைச் செவிலியர் வாரியம் வேலையை விட்டு அனுப்பவில்லை. நூற்றிருபது நாள் மேற்பார்வையில் பிரசவம் பார்க்கச் சொன்னது. வலி கண்ட பெண்ணின் வயிற்றில் குழலை ஊன்றி, கால் மணிக்கொரு தடவை குழந்தையின் துடிப்பைக் கேட்டுத் தாளில் எழுதுவது செவிலியின் வேலை. குட்டையம்மா ஒருநாள் கூட்ட நெரிசலில், கேட்காமலே நாலு கட்டத்திலும் 140 என்று நிரப்பிவிட்டாள். குழந்தை இறந்தே பிறந்தது. அந்தக் குழந்தையின் தகப்பன் கன்னத்தில் விட்ட அறையில் அவளுடைய இடது காது மந்தமானது.

இனி ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், காரணம் எதுவானாலும், நாள்கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அது தீர்ப்பு.

நூற்றிருபதாம் நாள். மேற்பார்வைச் செவிலியான பெரியக்காவின் கையெழுத்துதான் பாக்கி. கட்டிலில் கிடந்த பெண்ணுக்குக் கன்னம் வீங்கிக் கறுத்திருந்தது.

“அந்தாளை உள்ள விட்டுடாதீங்கக்கா.”

“என்னைத் தாண்டித்தான் வரணும். நான் குட்டைதான், தாண்டிடலாம். ஆனா தடுக்கி விழுவான்.”

பகல் இரண்டு பத்துக்குக் கதவு பெயர்ந்தது. புருஷன்காரன் கையில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பி. “எவடி என் பொண்டாட்டிய ஒளிச்சு வச்சது?”

முதல் வீச்சில் குட்டையம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. இரண்டாவதில் மருந்து அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. அவன் மனைவியின் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். குட்டையம்மா அவன் முன்கையில் பல்லைப் பதித்தாள். வாயெல்லாம் இரத்தம். அவள் தலையைக் கட்டில் இரும்பில் மூன்று முறை மோதினான், அவள் விடவில்லை. ஓடிவந்த பெரியக்கா எவர்சில்வர் பெட்பேனால் அவன் உச்சந்தலையில் போட்ட போட்டில் அவன் சுருண்டான். காவலாளிகள் இழுத்துப் போனார்கள்.

இரண்டு இருபத்தைந்து. நெற்றி இரத்தம் கண்ணை மறைக்க, குட்டையம்மா வலது காதைக் குழலில் வைத்தாள். தொண்ணூற்றாறு. “டாக்டரக் கூப்பிடுங்க! துடிப்பு இறங்குது!”

இரண்டு நாற்பத்தொன்றுக்குக் குழந்தை வீறிட்டது.

தாளில் இரண்டேகால் மணிக் கட்டம் காலி.

“நூத்தி முப்பதுன்னு போடுடி,” என்றார் பெரியக்கா, தாழ்ந்த குரலில். “புள்ளைதான் பொழைச்சுக்கிச்சே. யாரு கேக்கப் போறா?”

குட்டையம்மா இடது கையால், கோணல்மாணலாக எழுதினாள்: ‘கேட்கவில்லை. அறையில் அடிதடி.’

“பைத்தியமே! மறுபடியும் நூத்தியிருபது நாளு!”

“நீங்கதானக்கா கூட இருப்பீங்க. அந்த பெட்பேன மட்டும் கைக்கெட்ற தூரத்துல வச்சுக்குங்க.”

பெரியக்கா அந்த வரிக்குக் கீழே கையெழுத்திட்டார். மணிக்கட்டில் மாவுக்கட்டோடு குட்டையம்மா வேலைக்குத் திரும்பிய அன்று, புதுத் தாளின் தலையில் ‘நாள் 1’ என்று எழுதியதும் அவர்தான்.