மிளகாய்த் துப்பாக்கியும் ஒரு ராத்திரியும்

எங்கள் காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக்குள் யாரும் சும்மா நுழைவதில்லை. வேலியோரம் நின்று, "நான்தான் வர்றேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். தோப்பு வீடுகளில் நாய் இருக்கும், சில வீடுகளில் துப்பாக்கியும் இருக்கும்.

பக்கத்துத் தோப்பு அமராவதி அக்கா வீட்டிலும் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. அவள் வீட்டுக்காரர் பொன்னுரங்கம் அதில் ஈயக் குண்டு போட்டு நான் பார்த்ததில்லை. கல்லுப்புதான் போடுவார். "சுருக்குனு எரிஞ்சா திருட்டுப்பய ஓடிடுவான். அவனையும் ஒருத்தி பெத்துதான வச்சிருக்கா" என்பார். அவர் போனதும் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. மகன் கார்த்திகேசன் காரியம் முடிந்த கையோடு அபுதாபிக்குப் போய்விட்டான். நாயும் செத்தது. அத்தனை பெரிய தோப்பில் அக்கா ஒருத்திதான்.

போன மாசியில் மேலத்தோப்பு வீட்டில் திருட்டு நடந்தது. அதைக் கேட்டுக் கார்த்திகேசன் பதறிப்போய், சித்திரையில் லீவு போட்டு வருவதாகச் சொன்னான். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவனுக்கென்று தலையணைக்குப் புது உறை தைத்தாள்.

"ஒரு ராத்திரி நம்ம வூட்ல படுத்து எழுந்தா போதும் சரண்யா. காலையில நான் காபி போட்டு எழுப்பணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

சித்திரையில் ஒரு பார்சல்தான் வந்தது. உள்ளே பிளாஸ்டிக் கைத்துப்பாக்கி, இரண்டு குப்பி. சுட்டால் மிளகாய்த் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமாம். போனில் விளக்கினான்.

"ரப்பர் குண்டு, கரண்ட் ஷாக்கு எல்லாம் விசாரிச்சேம்மா. இதுதான் சேஃப். ஆளு சாவ மாட்டான், கொஞ்ச நேரம் கண்ணு தெரியாது, அவ்ளோதான். இனிமே எனக்குக் கவலையில்ல."

கவலை தீர்ந்ததால் லீவையும் ரத்து செய்துவிட்டான். பெத்தவளுக்குக் காவலுக்குப் பிளாஸ்டிக்கை அனுப்பிவிட்டுத் தூங்குகிறானே, இவனெல்லாம் ஒரு பிள்ளை! அக்கா, புது உறை போட்ட அந்தத் தலையணை மேல் துப்பாக்கியைப் படுக்க வைத்தாள்.

வைகாசியில் ஒரு நாள் பொழுது சாயும் நேரம், அக்கா வீட்டுப் பக்கம் அலறல் கேட்டது. பால் கறந்துகொண்டிருந்தவள் செம்போடு ஓடினேன். வாசலில் தாடியும் தொப்பியுமாக ஒருத்தன் கண்ணைப் பொத்திக்கொண்டு உருண்டுகொண்டிருந்தான். அக்கா துப்பாக்கியை நீட்டியபடியே நின்றாள்.

"அம்மா, நான்தாம்மா..."

பாண்டிச்சேரியில் சிநேகிதன் கல்யாணமாம். அதற்கு மட்டும் லீவு கிடைத்திருக்கிறது. அம்மாவை ஒரு எட்டு பார்த்துவிட்டு உடனே திரும்புவதாக ஏற்பாடு, ரோட்டில் கார் காத்திருந்தது. அம்மாவை அசத்தப் போகிறேன் என்று துரை பூனை மாதிரி வந்திருக்கிறார். தோப்பில் பிறந்தவனுக்குக் குரல் கொடுக்க மறந்துபோயிருக்கிறது.

அக்கா அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினாள். "பாவி நான், பெத்த கையாலயே" என்று அழுதாள். அவனுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. யார் என்று பார்க்க அவனால் முடியவில்லை. முகம் வீங்கிவிட்டது. காரை நான்தான் போய் அனுப்பி வைத்தேன்.

காலையில் பால் கொடுக்கப் போனேன். புது உறைத் தலையணையில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அக்கா கையில் காபி டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. எழுப்ப மனசு வரவில்லை போலிருக்கிறது.

கிளம்பும்போது கார்த்திகேசன், "போனதும் புதுக் குப்பி வாங்கி அனுப்புறேம்மா" என்றான்.

"வேணாம்பா. இன்னொண்ணு மிச்சம் இருக்கு" என்றாள் அக்கா. வேலி வரைக்கும் கூடவே நடந்தாள்.

"அடுத்த வாட்டியும் குரல் குடுக்காமலே வா."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.