நாலாவது கட்டத்தில் இரண்டு பேர்

சந்தனச்செல்விக்கு நாற்பத்து மூன்று வயதில் படிப்பு ஆசை வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் பத்தொன்பது வருடமாக அவள் ஆபீஸ் கிளார்க். எண்பது பேருக்கு வருகைப் பதிவு, லீவு, பி.எஃப்., யாருக்காவது அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, தமிழில் உத்தரவு அடிப்பது எல்லாம் அவள் தலையில்தான். ஆனால் ஹெச்.ஆர். ஆபீசர் என்று பலகை வைக்க எம்.பி.ஏ. வேண்டுமாம். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று பாளையங்கோட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

இரண்டு வருடம் போனது. உடன்குடியில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூடத் தாலி கட்டுகிற நேரத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு, சாப்பிடாமல் பரீட்சைக்கு ஓடினாள். படித்த பாடத்தின் பெயர் உத்திசார் மனிதவள மேலாண்மை. பெயர்தான் வாயில் நுழையாது. எந்த ஆளை எங்கே வைத்தால் கம்பெனி நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரும் என்பதுதான் விஷயம். அது அவளுக்குப் புதிதில்லை.

கடைசியில் ஆய்வறிக்கை எழுத வேண்டும். சொந்தக் கம்பெனியையே எடுத்துக்கொண்டாள். புத்தகத்தில் ஒரு பெரிய சதுரம் போட்டு நாலு கட்டமாகப் பிரித்திருந்தார்கள். முதல் கட்டத்தில், இவர் இல்லாவிட்டால் கம்பெனி படுத்துவிடும் என்கிற வேலைகள். நாலாவதில், வெளி ஆட்களிடம் கொடுத்துவிடலாம் என்கிற வேலைகள். கிரேன் ஓட்டுபவர், சுங்கக் காகிதம் பார்ப்பவர் என்று முதல் மூன்று கட்டங்களிலும் மளமளவென்று எல்லாரையும் அமர்த்தியாயிற்று. மிச்சமிருந்தது வாசல் கேட் வேலையும் அவள் வேலையும்தான்.

வீட்டு விசேஷத்தில் வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில் உட்காருவதுதானே முறை? தன்னைத் தானே முதல் கட்டத்தில் எழுத அவளுக்குக் கை கூசியது. நாலாவதில் எழுதினாள்.

வாசலில் கன்டெய்னர்களின் சீல் நம்பர் சரிபார்க்கும் ரோச், டீ வாங்க வந்தவர், எட்டிப் பார்த்தார். இருபத்தாறு வருட சர்வீஸ் அவருக்கு.

“ஏளா, என்ன ஒத்தையில உக்காந்திருக்க? என்னையும் அங்கன போடு. பந்தியில தனியா உக்காந்தா நல்லாவா இருக்கும்?”

சிரித்துக்கொண்டே அவர் வேலையையும் போட்டாள். காரணம் எழுதியாக வேண்டுமே! ‘ஒப்பந்த நிறுவனமே இதை எளிதாகச் செய்துவிடும்’ என்று இரண்டுக்கும் ஒரே வரியைப் புத்தக ஆங்கிலத்தில் எழுதிவிட்டாள். படிப்புக்கு எழுதுகிறதுதானே என்ற அலட்சியம். ஆய்வு இந்தக் கம்பெனியில்தான் நடந்தது என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்ட மேனேஜர் நேசக்குமார் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நேசக்குமார் அவளை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் அவளை உட்காரச் சொன்ன மேனேஜர் கிடையாது. மேசையில் மும்பைத் தலைமை அலுவலகத்தின் உத்தரவு கிடந்தது. கேட் வேலையையும் ஆபீஸ் கிளார்க் வேலையையும் மாதக் கடைசியோடு ஒப்பந்தத்துக்குக் கொடுக்கிறார்களாம். பின்னால் இணைப்பாக அவள் போட்ட சதுரம். அவள் எழுதிய அதே வரி.

படித்தாள். புரியவில்லை. மறுபடி படித்தாள். ஃபேன் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

“சார், இது படிப்புக்கு எழுதுனதுல்லா?”

“ஒனக்குப் பிரமோஷன் கேட்டுத்தாம்மா அனுப்புனேன். எங்க பிள்ள எப்படி எழுதியிருக்கான்னு பாருங்கன்னு பெருமையா அனுப்புனேன்.” அவர் முகமும் வெளிறித்தான் கிடந்தது. “தன் வேலையவே வேண்டாம்னு எழுதுதவ பொய் சொல்ல மாட்டான்னு, அத வச்சே நம்பிட்டாவ.”

“நம்மள நாமளே மொதல்ல போடக் கூடாதுன்னுல்லா சார் கீழ போட்டேன்!”

“எனக்குத் தெரியும்மா. எங்க வீட்டுலயும் அப்படித்தான. மும்பைக்காரனுக்கு என்ன தெரியும்?”

ரோச்சிடம் அவளே போய்ச் சொன்னாள். விளையாடுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். தாளைக் காட்டியதும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. “நாந்தானளா போடச் சொன்னேன்” என்றார். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. வாசலில் லாரி ஹாரன் அடித்தது. எழுந்து போனவர் ஒரே சீலை மூன்று தடவை பார்த்தார்.

அந்தச் சனிக்கிழமை வாய்மொழித் தேர்வு. தேர்வாளராக வந்திருந்த பேராசிரியை விஜிலா அறிக்கையைப் புரட்டி, “நல்லா செஞ்சிருக்கீங்க” என்றார்.

“நாலாவது கட்டம் தப்பு மேடம். அதுல ரெண்டு வேலையையும் ஆராயாமலே போட்டேன். பந்தியில உக்கார வைக்க மாதிரி உக்கார வச்சிட்டேன்.”

பேராசிரியை பேனாவை மூடிவைத்து அவளையே பார்த்தார். தன் தேர்வைத் தானே கவிழ்க்க வந்த ஆளை அவர் அதுவரை கண்டதில்லை.

“இதக் கேட்டப்புறம் நான் பாஸ் போட முடியாதும்மா. மறுபடி முதல்ல இருந்து எழுதணும்.”

“போட வேண்டாம் மேடம். அது தப்புன்னு மட்டும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஒரு மனுசன் வேலை போவுது.”

எழுதிக் கொடுத்தார். நேசக்குமார் அன்றே மும்பைக்கு அனுப்பினார்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது பதில் வந்தது. கேட் வேலை பழையபடி இருக்கும், ரோச் தொடரலாம். ஆனால் ஆராயாமல் அறிக்கை எழுதுகிறவரை வைத்துக்கொள்ள இயலாது. ஆபீஸ் கிளார்க் விஷயத்தில் முடிவு முடிவுதான்.

சந்தனச்செல்வி இதை எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் இரண்டு பேருமே தப்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

“ரோச் அண்ணன் இருக்காவல்லா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

“இருக்காவம்மா.”

இரண்டு பேருக்கும் தமிழில் உத்தரவு கொடுக்க வேண்டும். அதை அடிக்க ஆள் தேடி நேசக்குமார் ஆபீஸ் முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றினார். யாரும் அகப்படவில்லை. கடைசியில் அவள் மேசைக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சந்தனச்செல்வி கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாள். ரோச்சுடையதை முதலில் அடித்தாள். தன்னுடையதைக் கடைசியில் அடித்தாள்.