பதில் சொல்லிக்கொண்டே இருந்தவர்

ஐப்பசி மாதத்துக் காலை. சென்னையிலிருந்து சேலத்துக்குப் போகும் சிறிய விமானத்தில் நான் துணை விமானி. பக்கத்து இருக்கையில் கேப்டன். மதுரைக்காரர், அதிகம் பேசமாட்டார். சேர்வராயன் மலையை மேகம் முழுசாக மூடியிருந்தது. அதற்கு அடியில் எங்கேயோ என் ஊர் மஞ்சக்குட்டை, எங்கள் காப்பித் தோட்டம், அதில் அப்பா.

சேலம் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஓர் ஆண்குரல், நாங்கள் காத்திருக்க வேண்டிய உயரத்தையும் இறங்கத் தொடங்க வேண்டிய நேரத்தையும் சொன்னது. நான் திருப்பிச் சொன்னேன். அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதி வார்த்தையில் குரல் அறுந்தது. வழக்கமான கரகரப்புகூட இல்லை.

"காதுல ஏதாச்சும் வருதாம்மா?" என்றார் கேப்டன்.

"இல்ல சார்."

சத்தத்தைக் கூட்டினேன். ஹெட்செட்டை மாற்றினேன். இரண்டாவது ரேடியோவைப் போட்டேன். எதிலும் ஒன்றுமில்லை. எங்கள் ரேடியோ போய்விட்டது என்று ரேடார் பார்ப்பவர்களுக்குக் காட்டும் எண்ணைக் கேப்டன் போட்டார். இதற்கெல்லாம் விதி இருக்கிறது. சொன்ன உயரத்திலேயே வட்டமடிக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு இறங்க வேண்டும். அதுவரை, யாருக்காவது கேட்கிறதா என்று தெரியாமலே, செய்யப்போவதையெல்லாம் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கும் நேரத்துக்குப் பதினான்கு நிமிடம் இருந்தது.

பணிப்பெண் வந்து, பயணிகளிடம் என்ன சொல்வது என்று கேட்டாள். "மேகம், கொஞ்சம் லேட்டாகும்னு சொல்லும்மா" என்றார் கேப்டன். அது பொய்யில்லை.

விமானம் எங்கே இருக்கிறது, எந்த உயரம், எப்போது இறங்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நிறுத்திக் காத்திருந்தேன். மறுபடி சொன்னேன். கண்ணாடிக்கு வெளியே வெள்ளை. கீழே இருக்கும் மலையில் எனக்குத் தெரியாத பாதையே கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் அது எங்களை முட்டக் காத்திருக்கும் பாறையாக மட்டும்தான் தோன்றியது. ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, என்னை அறியாமல் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"ஏனுங்க, யாராச்சும் இருக்கீங்களா? நான் பேசறது கேக்குதுங்களா?"

கேப்டன் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேலும் இரண்டு மூன்று தடவை அப்படியே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

நேரம் வந்தது. மேற்கே சமவெளிப் பக்கம் விலகி இறங்கினோம். மேகம் கிழிந்ததும் ஈரமான வயல்கள் தெரிந்தன, பிறகு ஓடுபாதை. கோபுரத்துக் கண்ணாடிக்குள்ளிருந்து பச்சை விளக்கு ஒன்று எங்களையே பார்த்து அசையாமல் எரிந்தது. இறங்கலாம் என்று அர்த்தம். இறங்கினோம். பயணிகள் பைகளை எடுத்துக்கொண்டு, தாமதத்தைத் திட்டியபடி போனார்கள். கேப்டன் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தார். மூடியைத் திருக முடியவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன்.

கோபுரத்தில் இருந்தவர் கீழே இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நீங்க பேசுனது அத்தனையும் எனக்குக் கேட்டுச்சுங்க" என்றார்.

பேசும் வழி திறந்தே இருந்திருக்கிறது. கேட்கும் வழி மட்டும்தான் அடைத்துப் போயிருந்தது. ஒரு இணைப்பில் ஈரம் இறங்கியிருந்ததாகப் பிறகு பொறியாளர்கள் சொன்னார்கள்.

"இருக்கீங்களான்னு கேட்டீங்கல்ல? இருக்கனுங்க, இங்கயேதான் இருக்கேன், பயப்படாதீங்கன்னு சொல்லிட்டே இருந்தனுங்க. உங்களுக்குப் போவலைன்னு தெரியும். ஆனாலும் சொல்லாம இருக்க முடியலைங்க." கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அப்பா போனில் சொன்னார்: "காத்தால ஊட்டுக்கு மேல ஒரு பிளேன் நொம்ப நேரம் சுத்துச்சு கண்ணு. மேகத்துல ஒண்ணும் தெரியல. பாவம், ஆரு பெத்த புள்ளைகளோ." நான் வேறு பேச்சுக்கு மாறிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி பறந்தேன். வேலையில் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் நான் ரேடியோவில் பேசி முடித்து, பதில் வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அதற்குள் அந்தக் குரல் வந்துவிடுகிறது. இருக்கனுங்க, இங்கயேதான் இருக்கேன். அன்று என் காதில் விழாத வார்த்தைகள்தான் அவை. எப்படியோ அவற்றின் ஏற்ற இறக்கம்கூட எனக்குத் தெரிகிறது. கேப்டனிடம் ஒருநாள் சொன்னேன். "எனக்கு எதுவுமே கேக்கறதில்லம்மா" என்றார். "அந்த அமைதிதான் வருது. வீட்டுல டிவியை அணைக்க விடமாட்டேன்."

பொங்கல் லீவில் வீட்டுக்குப் போயிருந்தபோது தோட்டத்தில் பனி இறங்கியது. செடிகளுக்குள் போன அப்பாவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். பிறகு கத்திக்கொண்டே ஓடினேன். அவர் இரைந்துகொண்டிருந்த தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில் குனிந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு, மூஞ்சி ஏன் இப்புடி வெளுத்திருக்குது?"

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மோட்டாரை அணைத்தார்.

"தலைக்கு மேலதான் இருந்திருக்க. நானும் அண்ணாந்து பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்" என்றார். "நீ கூப்புட்டது எனக்குக் கேக்கலயே, சாமி."

அவரிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போதும் தோன்றுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு விமானத்துக்கும் அவர் வேலையை விட்டுவிட்டு, சத்தம் முழுக்க அடங்கும்வரை வாசலில் நிற்கிறாராம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.