கோட்டுப் பைக்குள் இரண்டு கைகள்

இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளித்தான் வெளியே வருவார். "தண்ணி குடிங்க. படத்த டாக்டர் பாத்துட்டு சொல்வாரு." அவ்வளவுதான். பல் போன கிழவருக்கும் இதே பேச்சு, பால்குடி மறக்காத பிள்ளையைப் பெற்றவளுக்கும் இதே பேச்சு. குரல் ஏறாது, இறங்காது.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற அம்மா இவர். ஆளைப் படுக்கவைத்துக் குகை மாதிரி ஒரு மெஷினுக்குள் தள்ளி, உடம்புக்குள் இருப்பதைப் படம் பிடிக்கிற வேலை. அந்த மெஷின் பெரிய காந்தம். உள்ளே போகிறவர்களிடம் சாவி, தோடு, கொண்டை ஊசி எல்லாம் வாங்கித் தட்டில் வைக்க வாசலில் ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் நான். படம் திரையில் முதலில் தெரிவது இந்த அம்மாவுக்கு. ஆனால் அதைப் பற்றி வாய் திறக்க அவருக்கு அனுமதி கிடையாது. டாக்டர் பார்த்துச் சாயங்காலமோ மறுநாளோ சொல்வார். அதுவரை சனம் என்ன செய்யும்? இவர் முகத்தைத்தான் படிக்கும்.

படிக்க ஒன்றும் கிடைக்காது. அதனால் பெஞ்சில் காத்திருப்பவர்கள் வைத்த பெயர், 'சுவரு மேடம்'.

"வாயால சொல்ல வேணாம் மேடம். நல்லதுன்னா ஒரு கண்ண மட்டும் சிமிட்டிடுங்க, நான் புரிஞ்சிக்கிறேன்" என்று ஒரு லாரி டிரைவர் கெஞ்சினார்.

"கண்ணுல தூசி விழுந்தாக்கூட நான் இங்க தொடைக்கிறதில்லண்ணே. வீட்டுக்குப் போய்த்தான்."

பொய்யில்லை. சளி பிடித்தால் லீவு போட்டுவிடுவார். "மூக்கு செவந்திருந்தா, உள்ள அழுதுட்டு வர்றான்னு நெனச்சிக்குவாங்க." மதியம் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்காரும்போது பார்க்க வேண்டும். பெரிய டாக்டர் நெற்றியில் மாட்டிய கண்ணாடியை மேசையெல்லாம் தேடுவதை அப்படியே நடித்துக் காட்டுவார். சிரித்துச் சிரித்து அவருக்கே புரையேறிவிடும். சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிற வீட்டுக்காரர் என்னிடம் புலம்புவார். "உப்பு சரியா இருக்கான்னு கேட்டா, 'டாக்டர் சொல்வாரு'ங்கிறா. நான் என்னத்தச் சமைக்கிறது, சொல்லுங்க."

கைகள் பைக்குள் போனதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு பையன், ஓயாத தலைவலி என்று கொண்டுவந்தார்கள். மெஷின் போடுகிற அவ்வளவு சத்தத்துக்குள்ளும் விரல்கூட அசைக்காமல் படுத்திருந்தான். வெளியே கொண்டுவந்து விட்டபோது, சமத்துப் பிள்ளை என்று தலையைத் தடவிக்கொடுத்தார். பெற்றவள் பார்த்துவிட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தவள்தான், "எம்புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று டாக்டர் வரும் வரைக்கும் கதறல். படத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் அழுத அழுகை அழுகைதானே. அன்றைக்கு உள்ளே போன கைகள் ஆள் பார்க்க வெளியே வருவதில்லை.

போன மாதம் பெரிய டாக்டர் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். வலிப்பு வருகிற பிள்ளைகளின் மூளைப் படத்தையும், எதுவும் இல்லாத பிள்ளைகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். நோயுள்ள பிள்ளைகள் நிறைய. நல்ல பிள்ளைக்கு எங்கே போவது? "துள்ளிக்கிட்டு இருக்கற புள்ளைய எதுக்குய்யா அதுக்குள்ள தள்ளுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பெற்றவர்கள் முறைத்துக்கொண்டு போனார்கள். "எம்பொண்ண வச்சே காட்டிட்டாப் போச்சு" என்றார் சுவர் மேடம். அடுத்த வாரமே மகளின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

தன் சொந்தம் உள்ளே இருந்தால் திரைப் பக்கம் போகக் கூடாது. அது அவரே போட்ட சட்டம். அவரிடம் வேலை கற்ற பெண் உள்ளே படம் எடுக்க, இவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் நின்றார். எதிர்ப் பெஞ்சில் ஒரு தாய், தூங்குகிற பையனை மடியில் போட்டுக்கொண்டு டாக்டருக்காகக் காத்திருந்தாள். அவனுக்குக் காலையில் படம் எடுத்தது இவர்தான். அவள் கண் இவரை விட்டு நகரவில்லை.

மெஷினின் சத்தத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தட்டும், பிறகு உறுமும், கடைசியில் ஊங்காரம் போட்டு அடங்கும். அடங்கியதும் மகளின் ஹேர்பின்னைத் தட்டிலிருந்து எடுத்தேன். அதற்குள் மறுபடி தட்ட ஆரம்பித்தது.

மற்றத் தாய்மாருக்கு அது வெறும் சத்தம். இவருக்கு அப்படியில்லை. ஒரு படத்தைத் திரும்ப எடுக்கிறார்கள் என்றால் பிள்ளை அசைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பார்க்கக் கூடாத எதையோ பார்த்திருக்க வேண்டும்.

"அண்ணே, திரும்ப ஓடுது."

"பொண்ணு அசைஞ்சிருக்கும்மா."

"அவ அசைய மாட்டா. வீட்டுல பாய் போட்டுப் பழக்கியிருக்கேன்."

உள்ளே போய் ஒரு பார்வை பார்த்தால் முடிந்தது. கதவு அவர் கைக்கு எட்டுகிற தூரம்தான். கை பையை விட்டு வரவில்லை.

சத்தம் நின்றது. தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு, படம் எடுத்த பெண் வந்தாள், இரண்டு கைகளும் பைக்குள். பின்னாலேயே மகள். சுவர் மேடம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து மகளுக்குச் செருப்பு மாட்டினார். ஏற்கெனவே மாட்டிய வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினார்.

"தண்ணி குடிக்கச் சொல்லுங்கக்கா. படத்த டாக்டர் பாத்துட்டு சொல்வாரு."

"சரிங்க மேடம்" என்றார் இவர், தரையைப் பார்த்து. கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு தலை நிமிர்ந்தார்.

மகள் அம்மாவின் காதோரம் குனிந்தாள். "தும்மல் வந்துருச்சும்மா. அடக்கித்தான் பாத்தேன். அந்த அக்கா மைக்குல சிரிச்சாங்க, 'ஒண்ணே ஒண்ணு திரும்ப எடுத்துக்கலாம்'னாங்க. திட்டுவியா?"

வலது கை பையிலிருந்து வெளியே வந்தது. மகளின் தலை வரைக்கும் போனது. அப்போதுதான் எதிர்ப் பெஞ்சைப் பார்த்தார். அந்தத் தாயின் கண்கள் அந்தக் கையிலேயே இருந்தன. காலையில் அவள் பையன் தலைக்கு அது வரவில்லை.

"தண்ணி குடி" என்றார் மகளிடம். கை பைக்குள் திரும்பிப் போய்விட்டது.