செத்த மாட்டுக்குக் கொடுத்த விலை

மைசூர்ச் சீமை மாட்டு வியாபாரி திம்மப்பனுக்கு நான் நூற்று எண்பது ரூபாய் கடன்பட்டிருந்தேன். 1952-இல், குந்தாரப்பள்ளிச் சந்தையில், ஒரு ஜோடி உழவு மாட்டுக்காக. எழுத்து எதுவும் கிடையாது. துண்டால் கையை மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவோம். அடுத்த அறுவடைக்குத் தருகிறேன் என்றால் மாட்டை அவிழ்த்துக் கொடுப்பார்கள். எங்கள் ஊர் உழவெல்லாம் அந்த நம்பிக்கையில்தான் நடந்தது.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பல்லைப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அப்படிப் பார்த்து எடுத்த மாடுகள் மூன்றாம் மாதமே வெக்கை நோயில் அடுத்தடுத்து விழுந்தன. பல்லில் நோய் தெரியாது.

பக்கத்து நிலத்து முனிவேல் ஆறுதல் சொல்ல வந்தான்.

"செத்த மாட்டுக்கு எவன் துட்டு குடுப்பான், சம்பங்கி? சீட்டுமில்ல, சாட்சியுமில்ல. சும்மா கெட."

நானும் அந்த வருஷம் சந்தைப் பக்கமே போகவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒப்புக்கொள்ளும் தப்பு அது ஒன்றுதான்.

திம்மப்பன் கோர்ட்டுக்குப் போகவில்லை, என் வாசலுக்கும் வரவில்லை. மறு சித்திரையில் முனிவேல் மாடு வாங்கப் போனபோது, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாராம். "அந்தச் சம்பங்கியோட ஊர்க்காரரா? ரொக்கம் இருந்தா வாங்க." மற்ற மாட்டுக்காரர்களும் அதையே சொன்னார்கள். எங்கள் ஊரில் ரொக்கம் யாரிடம் இருந்தது? பதினோரு குடும்பம் ஏர் பூட்டாமல் நின்றது.

"உன் மாடு செத்துச்சு, எங்க ஏரும் அதோட செத்துச்சு" என்றான் முனிவேல்.

"நீதானடா சும்மா கெடன்னு சொன்ன?"

"நான் சொன்னா? நீ என்ன எனக்குப் பொறந்த புள்ளையா, சொன்னதக் கேக்க?"

அன்றே என் மனைவி வெள்ளையம்மாவிடம், கிணற்றடியில் மிளகாய் போட்டுக் கடனை அடைக்கப்போகிறேன் என்றேன்.

"தண்ணி எறைக்க மாடு?"

"நான்தான்."

எங்கள் கிணற்றில் ஜோடி மாடு பூட்டி, வடத்தை இழுத்துத் தண்ணீர் இறைக்கும் கவலைதான். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒத்த மாட்டுல கவலை ஓடுமா? நகருங்க" என்று வடத்தின் மறுபாதியைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

தண்ணீர் மொள்ளும் தோல் சாலைப் பாதி அளவில் சின்னதாகத் தைத்தோம். இரண்டு வருஷம், மாடு இழுக்க வேண்டிய கவலையை நாங்கள் இருவரும் இழுத்தோம். இந்தத் தாலுகாவில் வேறு எவனாவது செய்திருந்தால் காட்டுங்கள். மிளகாயைத் தலைச்சுமையாகவே கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோய் விற்றேன். பெண்கள் இரண்டு பேருக்கும் பொங்கலுக்குக்கூடப் புதுப் பாவாடை எடுக்கவில்லை. ராகிக் குதிருக்குள் இருந்த துணி முடிச்சு மட்டும் பெருத்தது.

1955 தை மாதச் சந்தைக்கு ஊர் ஆண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனேன். பிற்பாடு என்னை மூன்று முறை பஞ்சாயத்துத் தலைவனாக்கியவர்கள் இவர்கள்தான். அன்று பாதிப் பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

திம்மப்பன் பழக்கத்தில் துண்டை எடுத்தார்.

"துண்டு வேண்டாங்க. பேசறப்பத்தான் மூடிப் பேசினோம். குடுக்கறத எல்லாரும் பாக்கட்டும்."

"மாடு ரெண்டும் போச்சாமே, சம்பங்கண்ணா. பாதி குடு, போதும்."

முனிவேல் என் விலாவில் இடித்தான்.

"மாடுதான் செத்துச்சு, நான் இருக்கறேன். முழுசா வாங்கிக்கிட்டு எங்க ஊருக்குப் பழையபடி மாடு குடுங்க. இந்த முனிவேலுக்கு உங்க செவலை ஜோடி மேல ஒரு கண்ணு."

திம்மப்பன் முனிவேலைப் பார்த்தார், செவலைகளைப் பார்த்தார். "குடுத்தாப் போச்சு" என்று வலது கையை விரித்தார். சந்தைக்கே கேட்கும்படி எண்ணினேன். கடைசி ஒரு ரூபாய் பதினாறு அணாக்காசாக இருந்தது. பதினாறையும் ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்தேன்.