படத்தை அமுக்கச் சொன்னது நான்தான்

இன்று காலை எங்கள் மலேசியத் தமிழ்ப்பள்ளியின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

பதினெட்டுப் பிள்ளைகள். பதினெட்டு டேப்லெட். ப்ளக் பாயிண்ட் மட்டும் மூன்று!

ஒன்றில் சார்ஜ் நிற்காது, ஒன்றில் சத்தம் வராது, எட்டாம் நம்பர் தானாகத் தூங்கித் தானாக எழுந்திருக்கும். (எங்கள் வீட்டுக்காரர் மாதிரி.)

இந்தக் கூத்துக்கு நடுவில் இன்று வாசிப்புப் பதிவு. ஆளுக்கொரு பத்தி வாசித்து டேப்லெட்டில் பதிய வேண்டும்.

அந்த வகுப்பில் யாழினி என்று ஒருத்தி இருக்கிறாள். வீட்டில் வாயாடியாம். பள்ளிக்கூடத்தில் எட்டு மாதமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கெஞ்சிப் பார்த்தேன், மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன், ம்ஹூம்!

இன்று டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து முழுப் பத்தியையும் வாசித்துவிட்டாள்!

ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். தெளிவான குரல். ‘ழ’ கூடச் சுத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே அவள் அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன்: “அக்கா, உங்க பொண்ணு வாசிச்சிட்டா! மத்தியானம் ரிக்கார்டிங் அனுப்புறேன்.”

அவருக்குப் பினாங்கு பாயான் பாருவில் ஃபேக்டரி வேலை. பிரேக்கில் பதில் வந்தது: “நெஜமாவா டீச்சர்? அழுகையா வருது லா!”

அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா நான்!

அதற்குள் நான்காம் ஆண்டு உமா டீச்சர் வாசலில் வந்து நின்றார். “டேப்லெட் முடிஞ்சிச்சா டீச்சர்? என் பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க லா.”

பதிவைச் சேமிக்க, திரையின் கீழே அம்புக்குறிப் படம் ஒன்று இருக்கும். அவசரத்தில் கத்தினேன்: “எல்லாரும் கீழ இருக்கிற படத்த அமுக்குங்க!”

“டீச்சர், ‘யா’வான்னு கேக்குது!”

“யா, யா! சீக்கிரம் அமுக்கு லா!”

டேப்லெட் முழுக்க மலாய் மொழியில் இருந்தது. அம்புக்குறிக்குப் பக்கத்திலேயே ‘Padam’ என்று ஒரு பொத்தான். மலாயில் அதற்கு ‘அழி’ என்று அர்த்தம். அமுக்கினால் ‘Ya?’, அதாவது ‘ஆமாவா?’ என்று ஒரு தடவை கேட்கும்.

பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் ‘படம்’ என்று வாசித்து, டீச்சர் சொல் தட்டாமல் அமுக்கிவிட்டார்கள். (எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்!)

பதினெட்டும் போச்சு.

உமா டீச்சரும் தேடிப் பார்த்தார். “எங்கயும் இல்ல டீச்சர். சுத்தமா போச்சு.”

மற்றவர்கள் நாளைக்கு மறுபடி வாசித்துவிடுவார்கள். யாழினியிடம் டேப்லெட்டை நீட்டினேன். “ஒரே ஒரு வாட்டி, என் கண்ணுல்ல?” உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

பள்ளி விட்டதும் கேட்டில் அம்மா மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார். அரை நாள் லீவாம்! அதுவும் இதற்காகவாம்!

“ரிக்கார்டிங் இன்னும் வரலயே டீச்சர்?”

நா கூசாமல் சொன்னேன். “லைன் சரியில்லக்கா. சாயங்காலம் அனுப்பிடுறேன்.”

ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த யாழினி, அம்மாவின் சட்டையை இழுத்தாள்.

“பொய்ம்மா. டீச்சர்தான் படத்த அமுக்கச் சொன்னாங்க. எல்லாம் அழிஞ்சி போச்சு.”

எட்டு மாதத்தில் என் காதில் நேராக விழுந்த அவளுடைய முதல் பேச்சு இதுதான். அந்த ‘ழ’வும் சுத்தம்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

டீச்சர்மார்களே, நாளைக் காலையில் அந்தப் பிள்ளை முகத்தில் நான் எப்படி முழிப்பது? சொல்லுங்களேன்!